யார் தந்த அனுமதி? கட்டுப்பாடு மிக்க சமூகங்களின் பெண்களைப் பற்றிய புனைகதைகளை வாசித்தல்

ஒரு பெண் எங்கே நடக்கலாம், எதுவரை படிக்கலாம், யார் முன்னால் பேசலாம், யாரை எப்போது மணக்கலாம் என்பவற்றையெல்லாம் குடும்பமும் சாதியும் மதமும் சேர்ந்து முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கும் சமூகமே இவ்வுரையில் கட்டுப்பாடு மிக்க சமூகம் எனப்படுகிறது. இத்தகைய சமூகங்களைக் களமாகக் கொண்ட நாவல்களும் சிறுகதைகளும் இன்று பல மொழிகளில் எழுதப்பட்டு, அவற்றைவிடப் பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டு, பெரிய வாசகர் கூட்டத்தைப் பெற்றிருக்கின்றன. அக்கூட்டத்தில் பெரும்பாலோர் அவற்றைச் சாட்சியமாகவே படிக்கின்றனர்: என்ன கொடுமை நடந்தது, யார் செய்தார்கள், அவள் தப்பினாளா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் புத்தகத்தை மூடிவைத்துவிடலாம் என்று கருதுகின்றனர். இந்த வாசிப்பில் தவறேதும் இல்லை என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் இதில் கதையின் பெரும்பகுதி வாசகரின் கைக்கு வராமலே போய்விடுகிறது. அடைத்து வைக்கும் சுவரைத் தேடிப் படிப்பவருக்குச் சுவர் மட்டுமே தெரியும். அச்சுவருக்குள் யாருக்கு, எதற்கு, எவ்வளவு நேரத்துக்கு அனுமதி உண்டு, அந்த அனுமதியைத் தருபவர் யார், பறிப்பவர் யார் என்று தேடிப் படிப்பவருக்கே அக்கதைகளின் உண்மையான நுட்பம் புலப்படும் என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

சுவரைத் தேடும் வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு புத்தக அட்டையே போதிய சான்று. ஈரானிய எழுத்தாளர் அஸர் நஃபீஸி, தெஹ்ரானில் தன் வீட்டில் இளம்பெண்கள் சிலருடன் ஆங்கில நாவல்களை ஒளிவுமறைவாகப் படித்ததைப் பற்றி எழுதி 2003இல் வெளியான 'ரீடிங் லோலிட்டா இன் டெஹ்ரான்' நினைவுக்குறிப்பு நூலே தவிர நாவல் அன்று. ஆயினும் நாவல் வாசிப்பைப் பற்றிய நூல் என்பதால் இங்கே அதைக் குறிப்பிடுவது பொருந்தும். தலையை மூடிய இரண்டு இளம்பெண்கள் கண்களைத் தாழ்த்தி, தலையோடு தலை சேர்த்துக் குனிந்திருக்கும் படம் அதன் அட்டையில் இடம்பெற்றது; தடைசெய்யப்பட்ட ஏதோ ஒரு நூலை அவர்கள் மறைவாகப் படிக்கிறார்கள் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். அது ஒரு செய்திப் படத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது என்பதையும், முழுப் படத்தில் அப்பெண்கள் 2000ஆம் ஆண்டு ஈரான் நாடாளுமன்றத் தேர்தல் பற்றிய நாளிதழைப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் ஹமீத் தபாஷி என்ற அறிஞர் பின்னர் சுட்டிக்காட்டினார். வெட்டி எறியப்பட்டது நாளிதழ், மிஞ்சியது முக்காடு. அட்டைக்கு நூலாசிரியரைப் பொறுப்பாக்க வேண்டியதில்லை, தபாஷி அந்நூலின் மீது வைத்த மற்றக் குற்றச்சாட்டுகள் அனைத்தையும் ஏற்கவேண்டியதும் இல்லை. ஆனால் அந்தக் கத்தரிக்கோல் செய்த வேலையைத்தான் சாட்சியம் தேடும் வாசிப்பும் செய்கிறது: வாக்குரிமையும் முக்காடும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருக்கும் சிக்கலை அது விலக்கிவிட்டு, தனக்குத் தெரிந்த பாதியை மட்டும் வைத்துக்கொள்கிறது.

இதற்கு மாறான வாசிப்பைப் பழகிக்கொள்ள லலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் மலையாளப் புனைகதைகளைவிடப் பொருத்தமானவை அரிது. 1909இல் பிறந்த அவர், கேரள நம்பூதிரிச் சமூகத்தின் உள்ளிருந்து எழுதியவர். அச்சமூகத்தில் குடும்பச் சொத்து பிரியாமல் இருப்பதற்காக மூத்த மகன் மட்டுமே தன் சாதிக்குள் முறைப்படி மணம் செய்துகொள்வான். இளையவர்கள் தாய்வழி மரபைப் பின்பற்றிய நாயர் முதலிய குடும்பங்களின் பெண்களோடு 'சம்பந்தம்' என்ற உறவு வைத்துக்கொள்வார்கள். அந்த உறவில் பிறக்கும் குழந்தைகள் தாய்வீட்டுக்கு உரியவர்கள், தந்தையின் இல்லத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. ஏற்பாட்டின் மறுபக்கம் எளிதில் விளங்கக்கூடியது: மணமகன்கள் குறைவாகவும் பெண்கள் நிறையவும் இருந்ததால், நம்பூதிரிப் பெண்களில் பலர் கன்னியராகவே முதுமை எய்தினார்கள், அல்லது தந்தை வயதுடைய ஒருவருக்கு இரண்டாம் தாரமாகவோ மூன்றாம் தாரமாகவோ போனார்கள். இல்லத்தின் உட்பகுதியில் வாழ்பவர்கள் என்பதால் அவர்கள் 'அந்தர்ஜனங்கள்' எனப்பட்டனர்.

அந்தர்ஜனம் வெளியே வரவே முடியாது என்று எண்ணிக்கொள்வது சுவர் தேடும் வாசகரின் வழக்கம். கோயிலுக்கோ உறவினர் இல்லத்துக்கோ அவள் வந்தாள். உடலைப் போர்த்திய துணியோடும், முன்னே நடக்கும் நாயர்ப் பணிப்பெண்ணோடும், கையில் மறக்குடையோடும் வந்தாள். நீண்ட காம்பும் அகன்ற விரிப்பும் கொண்ட ஓலைக்குடை அது. மழைக்கோ வெயிலுக்கோ அன்றி, எதிரே வரும் ஆணின் பார்வை முகத்தில் படாதபடி சாய்த்துப் பிடிப்பதற்கானது. அதைப் பிடித்து நடப்பவளுக்குத் தன் பாதமும் அதற்கு முன்னே சில அடி மண்ணும் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரு கை எப்போதும் காம்பிலேயே இருக்கும். ஆனால் அந்தக் குடை இல்லாவிட்டால் வாசற்படியைத் தாண்டவே முடியாது. அவளை மறைக்கும் பொருளும் அவளை வெளியே கொண்டுபோகும் பொருளும் ஒன்றாகவே இருந்தன என்பதைப் பிடித்துக்கொண்டால்தான், 1929இல் வி. டி. பட்டதிரிப்பாட் 'அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு' நாடகத்தை மேடையேற்றியதை ஒட்டிய ஆண்டுகளில், பார்வதி நென்மினிமங்கலம், ஆர்யா பள்ளம் முதலிய பெண்கள் மறக்குடையைத் துறந்து பொதுக்கூட்டங்களுக்கு வந்தபோது அச்சமூகம் ஏன் அவ்வளவு பதறியது என்பது விளங்கும். முகம் தெரிந்தது என்பதைவிட, அனுமதிச்சீட்டு இல்லாமலே அவர்கள் வந்துவிட்டார்கள் என்பதே பெரிய அதிர்ச்சி.

லலிதாம்பிகாவின் 'அக்னிசாட்சி' நாவல் 1976இல் வெளிவந்து, மறு ஆண்டு சாகித்திய அகாதெமி விருதையும் வயலார் விருதையும் பெற்றது; சிற்பி பாலசுப்பிரமணியம் செய்த தமிழாக்கத்துக்கு அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் கிடைத்தது. மானம்பள்ளி இல்லத்தின் மூத்த மகன் உண்ணி நம்பூதிரிக்கு மனைவியாக வரும் தேவகியும், அவ்வில்லத்தின் இளையவர் ஒருவருக்குச் சம்பந்த உறவில் பிறந்த நாயர் பெண்ணான தங்கமும் அந்நாவலின் இரு தூண்கள். தேவகி இல்லத்தின் உள்ளே இருக்கிறாள்; சடங்குகளில் அவளுக்கு இடமுண்டு, சாதியில் கணவனுக்குச் சமமானவள், ஆனால் விரும்பியதைப் படிக்கவோ விரும்பிய இடத்துக்குப் போகவோ முடியாது. தங்கம் அதே இல்லத்துக்குத் தூரத்திலிருந்து வந்துபோகிறாள். பள்ளிக்குப் போகிறாள், ஊரில் நடக்கிறாள், ஆனால் குளித்துவிட்டு வந்த தந்தையை அவள் தொட்டால் அவருக்குத் தீட்டு. ஒருத்திக்கு உள்ளது மற்றவளுக்கு இல்லை, இருவருக்கும் சேர்ந்து இருப்பதுகூட ஒரு முழு வாழ்க்கைக்குப் போதாது. இந்த இரண்டு பெண்களையும் அருகருகே நிறுத்தியதில்தான் லலிதாம்பிகாவின் கலைத்திறன் உள்ளது. தேவகியை மட்டும் வைத்து எழுதியிருந்தால் அது ஒரு துயரக்கதையாக மட்டும் இருந்திருக்கும். தங்கம் வந்ததால் அது அனுமதிகளின் பங்கீட்டைப் பற்றிய நாவலாக மாறிவிட்டது.

அந்நாவலில் கொடியவன் இல்லை. உண்ணி நம்பூதிரி படித்தவர், மென்மையானவர், மனைவியின்மேல் அன்புள்ளவர். அத்தனையும் இருந்தும், பெரியவர்கள் சொல்லை மீறி ஒரு சொல் சொல்லத் தெரியாதவர். சாகக் கிடக்கும் தாயைப் பார்க்கப் போக தேவகிக்கு அனுமதி கிடைக்காத கட்டம் நாவலின் திருப்பம்: அங்கே யாரும் அவளை அடிப்பதில்லை, அறையில் பூட்டுவதில்லை. அவள் கேட்கிறாள், கேட்டது மேலே போகிறது, மறுப்பு கீழே வருகிறது, அந்த மறுப்பைத் தன் வாயால் சொல்ல வேண்டியவர் அவளை நேசிக்கும் கணவர். அதிகாரம் ஒரு முகத்தில் தங்காமல் பல முகங்களின் வழியே நழுவிச் செல்லும் விதத்தை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய இந்திய நாவல்கள் அதிகம் இல்லை. இதோடு ஒப்பிட, அ. மாதவையா 1903இல் வெளியிட்ட 'முத்துமீனாக்ஷி'யைச் சொல்லலாம். இளம் விதவையாகும் பிராமணப் பெண் ஒருத்தி தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த அந்நூல், தமிழ் நாவல் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டதை நினைத்தால் வியப்பூட்டுவது. ஆயினும் சீர்திருத்தம் பேச வந்த நூலாகையால் அதற்கு அடையாளம் காட்டக்கூடிய குற்றவாளிகள் தேவைப்பட்டார்கள், மறுமணம் என்ற தீர்வும் தேவைப்பட்டது. குற்றவாளிகள் தெரிந்துவிட்டால் வாசகர் நிம்மதியடைந்துவிடுகிறார். உண்ணி நம்பூதிரி அந்த நிம்மதியைத் தருவதில்லை.

அனுமதியை அடிப்படையாக வைத்துப் படிக்கும் முறை அதன் எல்லைக்கே போய் நிற்கும் கதை, லலிதாம்பிகா 1938இல் எழுதிய 'பிரதிகாரதேவதை'. அதன் பின்னணியில் உள்ளது 1905இல் கொச்சி ராஜ்யத்தில் நடந்த குறியேடத்து தாத்ரியின் ஸ்மார்த்தவிசாரம். கற்புநெறி தவறியதாக ஐயம் எழுந்த அந்தர்ஜனத்தை நம்பூதிரிகளின் சாதிமன்றம் அரசனின் ஒப்புதலோடு விசாரிக்கும் முறைக்கு ஸ்மார்த்தவிசாரம் என்று பெயர். முதலில் பணிப்பெண்ணை விசாரிப்பார்கள். ஐயம் வலுத்தால் அப்பெண்ணைக் குடும்பத்திலிருந்து பிரித்து 'அஞ்சாம்புரை' என்னும் தனி இடத்தில் வைப்பார்கள். அதற்குப் பிறகு அவள் பெயர் போய், விசாரணை முடியும்வரை 'சாதனம்', அதாவது பொருள், என்றே குறிக்கப்படுவாள். கேள்வி கேட்பவர்களின் முகத்தை நேரே பார்த்து அவள் பதில் சொல்ல முடியாது. கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வரும். குற்றம் நிலைபெற்றால், உயிரோடு இருக்கும்போதே அவளுக்கு ஈமச்சடங்கு செய்து சாதியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

இந்த முறையில் அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே உரிமை, தன்னோடு உறவு கொண்ட ஆண்களின் பெயரைச் சொல்வது. உண்மையில் அது உரிமையாகக் கருதப்பட்டதே இல்லை. குற்றத்தில் பங்கு கொண்டவர்களைக் கண்டறிய மன்றத்துக்குத் தேவைப்பட்ட தகவல், அவ்வளவே. தாத்ரி அதை உரிமையாக எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஆணின் பெயரையும், நாளையும், உடலில் உள்ள அடையாளத்தையும் அவள் சொல்லச் சொல்ல, அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் சாதி இழந்தார்கள். வேதம் கற்ற நம்பூதிரிகளும் புகழ்பெற்ற கதகளிக் கலைஞர்களும் அவர்களில் இருந்தார்கள். மன்ற ஆவணங்களில் இன்றும் இருப்பவை அந்தப் பெயர்களே. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதை விசாரித்தவர்கள் கேட்கவில்லை. அது அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் லலிதாம்பிகாவின் சிறுகதை நுழைகிறது. இரவில் கதைக்குக் கரு தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண் எழுத்தாளரின் முன் தாத்ரியின் ஆவி வந்து நின்று தன் வரலாற்றைச் சொல்கிறது. கணவனே, அவள் யாரென்று தெரியாமல், பரத்தையைத் தேடி வருபவனாக அவளிடம் வந்து மகிழ்ந்து, பிறகு அடையாளம் கண்டு அலறி ஓடும் இடம் அக்கதையின் உச்சம். பேசுவதற்கு நீதிமன்றம் அளித்த அளவு பெயர்ப்பட்டியல் மட்டுமே. புனைகதை அந்த அளவை மீறி, பட்டியலின் காரணத்தைச் சொல்ல அவளுக்கு இடம் தந்தது. 1973இல் 'பிரஷ்டு' நாவலில் இதே வழக்கைத் தொட்ட மாடம்பு குஞ்ஞுக்குட்டன் உட்படப் பலரும் பின்னர் தாத்ரியை எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அவள் அழகும் துணிச்சலும் பெரிதாகத் தெரிந்தன. லலிதாம்பிகாவுக்கு மட்டும் அவள் பேச்சு பெரிதாகத் தெரிந்தது என்று சொன்னால் மிகையாகலாம், ஆனால் அதில் உண்மை இல்லாமல் இல்லை.

இவ்வகைப் புனைகதைகளில் சிறுமிகள் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறார்கள் என்ற கேள்விக்கும் இதே கோணத்தில் விடை உண்டு. இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' என்ற உருதுச் சிறுகதை 1942இல் வெளிவந்தது. நவாபின் அலட்சியத்துக்கு ஆளான பேகம் ஜானுக்கும் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ரப்பூவுக்கும் இடையிலான உறவை, அதே அறையில் படுத்திருக்கும் ஒரு சிறுமி சொல்கிறாள். பெரியவர் யாரும் அந்த அறையில் அந்த நேரத்தில் இருக்க முடியாது. குழந்தைக்கு மட்டுமே அங்கே படுக்க அனுமதி, அவளுக்கு ஒன்றும் புரியாது என்பதால். இருட்டில் போர்வை யானையைப் போல அசைவதைப் பார்த்து அவள் பயப்படுகிறாள்; அவளுக்குப் புரியாததை வாசகர் புரிந்துகொள்கிறார். லாகூரில் ஆபாச வழக்கு நடந்தபோது, குற்றம் சாட்டியவர்களால் ஆபாசமான வரி என்று ஒன்றைக்கூட எடுத்துக்காட்ட முடியாமல் போய் வழக்கு தள்ளுபடியானது. சுக்தாயின் சாமர்த்தியம் என்று இதைப் புகழ்வது வழக்கம். ஆனால் அந்தச் சிறுமிக்கு அந்த வீடு கொடுத்திருந்த இடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு எழுதினார் என்பதே சரி.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்தபோது தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கிடைத்தது. பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண் சல்மா. துவரங்குறிச்சியில் பிறந்த அவர் எழுதிய அந்நாவலின் சிறுமி ராபியா, இன்னும் பெரியமனுஷி ஆகாதவள். ஆகவே தெருவில் ஓடலாம், ஒரு வீட்டுச் செய்தியை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கூட்டாளிகளோடு திருட்டுத்தனமாகச் சினிமாவுக்குப் போய்விட்டு வந்து தாயிடம் அடி வாங்கலாம். அவள் கையில் உள்ள அனுமதிக்குக் காலக்கெடு உண்டு என்பது வாசகருக்குத் தெரியும், அவளுக்கு அரைகுறையாகத் தெரியும்; அந்த இடைவெளியிலிருந்துதான் நாவலின் பதற்றம் முழுவதும் பிறக்கிறது. அதே வீடுகளில் ஆண்கள் கடையிலும் வெளியூர் வியாபாரத்திலும் இருக்க, பெண்கள் கூடி உட்கார்ந்து படுக்கையறைச் செய்திகளைக் கூச்சமின்றிப் பேசிச் சிரிக்கும் பக்கங்கள் பலரை முகம் சுளிக்க வைத்தன. மணமாகிப் பிள்ளை பெற்றவளுக்கு அந்தப் பேச்சு அனுமதிக்கப்பட்டிருக்கிறது, கன்னிப்பெண்ணுக்கு இல்லை. இளையவள் ஒருத்தி ஒரு கேள்வி கேட்டால் அதே வாய்கள் மூடிக்கொள்கின்றன. கட்டுப்பாட்டைக் காவல் காப்பவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் மூத்த பெண்களே என்பதைச் சல்மா மறைக்கவில்லை; காவல் காப்பதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைக்கும் மதிப்பையும் குரலையும் அவர் மறைக்கவில்லை. இந்நாவலை முஸ்லிம் சமூகத்தின் மீதான குற்றப்பத்திரிகையாகப் படித்த பிற சமயத் தமிழ் வாசகர்கள், தங்கள் பாட்டிமார் வயசுக்கு வந்ததும் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள் என்று வீட்டில் விசாரித்திருந்தால் போதும்.

சில கதைகளில் அடைப்பே அனுமதியாக மாறிவிடுகிறது. செனகல் நாட்டு மரியாமா பா பிரெஞ்சில் எழுதி 1979இல் வெளியிட்ட நாவல், கணவனை இழந்த ராமதுலாயே என்ற ஆசிரியை, 'இத்தா' எனப்படும் நான்கு மாதம் பத்து நாள் தனிமையில் இருந்தபடி தோழிக்கு எழுதும் ஒரே நீண்ட கடிதம். மகளின் தோழியையே இரண்டாம் மனைவியாக்கிக்கொண்ட கணவனைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசாதவள், வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்ற விதி தந்த ஓய்வில் முதன்முதலாக எல்லாவற்றையும் எழுதுகிறாள். தன்னை மணக்க வந்து நிற்கும் கணவனின் அண்ணனை முகத்துக்கு நேரே மறுத்தும் விடுகிறாள். ரொக்கையா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு', தாத்ரியின் விசாரணை நடந்த அதே 1905இல், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் சென்னையிலிருந்து வெளிவந்தது என்பது சென்னை வாசகர்களில் பலரும் மறந்துவிட்ட செய்தி. ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டு, பெண்கள் அறிவியலால் நாட்டை ஆளும் அக்கதையில் சுவர் அப்படியே நிற்கிறது, உள்ளே இருப்பவர்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள். வேடிக்கையாகத் தொடங்கும் அக்கதையின் கூர்மை அங்கேதான் இருக்கிறது.

வெளியேறுவதோடு கதை முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பே இவ்வகை நூல்களின் வாசகரிடம் மிகவும் பிடிவாதமாக இருக்கிறது. 'அக்னிசாட்சி' அதையும் ஏமாற்றுகிறது. தாயைப் பார்க்கத் துணிந்து இல்லத்தை விட்டுப் போன தேவகிக்குத் திரும்பி வரும் வழி அடைபட்டுவிடுகிறது. அவள் விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்து தேவி பஹன் ஆகிறாள், பின்னர் துறவு பூண்டு சுமித்ரானந்தா ஆகிறாள். ஒவ்வொரு பெயரும் ஒரு புதிய வெளியைத் திறந்துவிட்டு, அதற்குரிய புதிய விலக்குகளையும் கொண்டுவருகிறது. கடைசிப் பெயர் கேட்கும் விலை மற்றவற்றைவிடப் பெரியது, ஏனெனில் துறவிக்குப் பழைய உறவை நினைத்துப் பார்க்கக்கூட அனுமதி இல்லை. முதுமையில் ஹரித்துவாரில் தங்கம் அவளை அடையாளம் கண்டுகொள்ளும்போது குலைவது அந்த விதிதான். இளமையில் எழுதிய சிறுகதைகளில் அந்தர்ஜனத்தின் மீறலையும் அதற்கு அவள் கொடுத்த விலையையும் எழுதிய லலிதாம்பிகா, வெளியே போனவள் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதை ஒரு முழு நாவலாக எழுதியது அறுபது வயதைக் கடந்த பிறகுதான். அதற்குள் மறக்குடை வழக்கொழிந்து போயிருந்தது, அவருடைய வாசகர்களில் பாதிப்பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கவும் மாட்டார்கள்.